‘குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்று இயேசு சொல்லியிருக்க, சபையில் ஒருவர் செய்யும் தவறைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம். சில நேரம் பேசியே ஆக வேண்டும். மத்தேயு 7:1-ஐ மட்டும் காட்டி வாயடைக்கிறவர்கள் ஐந்தாம் வசனம் வரை போவதில்லை. “முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்” என்று அங்கே இருக்கிறது. எது முன், எது பின் என்றுதான் இயேசு சொன்னார். துரும்பைத் தொடாதே என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கனிகளால் அறிந்துகொள்ளவும் சொல்கிறார். செய்த காரியத்தை எடைபோடலாம். செய்தவருடைய உள்ளத்தை நாமே படித்துவிட்டதாக நினைத்து, ‘இவர் இப்படித்தான்’ என்று முடித்துவிடக் கூடாது.

இது எங்கே சறுக்குகிறது என்பதை 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் பார்க்கலாம். சீலோ என்ற ஊரின் கோவிலில் அன்னாள் என்ற பெண் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருக்கிறான். பார்த்தது சரிதான். ஆனால் குடித்திருக்கிறாள் என்று அவனாக முடிவுகட்டி, “உன் குடியை உன்னைவிட்டு விலக்கு” என்கிறான். பிள்ளையில்லாத வேதனையில் சாப்பிடாமல் அழுதவளுக்குக் கோவிலில் கிடைத்த முதல் வார்த்தை அது. “ஏனம்மா, என்ன ஆயிற்று?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவன் வீட்டிலோ, பலி செலுத்த வந்தவர்களிடம் இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கிய இரண்டு மகன்கள். அவர்களைக் கண்டித்தான், அடக்கவில்லை. உத்திரம் என்று இயேசு சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏலியிடம் கற்க ஒன்று உண்டு: அவள் விளக்கிய உடனே வீம்பு பிடிக்காமல் “சமாதானத்துடன் போ” என்று ஆசீர்வதித்து அனுப்பினான்.

ஆகவே வாயைத் திறக்குமுன், நான் கண்ணால் பார்த்தது எவ்வளவு, காதில் விழுந்தது எவ்வளவு, நானாகச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது. முதலாவது வகையில் ஒன்றும் தேறவில்லை என்றால், குற்றம்சாட்ட உங்களிடம் எதுவும் இல்லை. தேறினால் மத்தேயு 18:15: நீங்களும் அவரும் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். “நீங்கள் காணிக்கைப் பணத்தை எடுத்துவிட்டீர்கள்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். “போன மாதக் கணக்கில் இந்த ரசீதைக் காணோம், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்” என்றால் பதில் வர இடம் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் ஒருவரையோ இருவரையோ கூட்டிப் போங்கள். உங்கள் பக்கத்து ஆட்களை அல்ல, அவரும் மதிக்கிறவர்களை. அவர்கள் உங்களையும் திருத்தக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் சபை. சபைக்கும் செவிகொடாதவரை ‘ஆயக்காரனைப்போல’, அதாவது ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவனைப்போல, எண்ணச் சொல்லும் கடைசிப் படியைப் பகைக்கக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசு ஆயக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்.

நம் சபைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது, அதுவும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில். “அந்த அக்கா மகளுக்காக ஜெபியுங்கள், ராத்திரி லேட்டாக வருகிறாளாம்” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால் போதும், ஞாயிறு ஆராதனைக்குள் அந்தப் பெண் நடத்தை கெட்டவள் ஆகிவிடுகிறாள். அவள் இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறாளா என்று விசாரித்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயரும் விவரமும் போடாதீர்கள்; ‘ஒரு குடும்பத்தின் தேவைக்காக’ என்றாலே தேவனுக்குத் தெரியும். இதில் கேட்கிறவருக்கும் பங்கு உண்டு. “கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்” என்கிறது நீதிமொழிகள் 26:20. “இதை அவரிடமே கேட்டீர்களா?” என்று கேளுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றச்செயலை மூடி மறைக்க மத்தேயு 18-ஐப் பயன்படுத்தக் கூடாது. அடிக்கிற கணவனிடமும், தொல்லை கொடுத்த ஊழியரிடமும் ‘முதலில் தனியாகப் போய்ப் பேசு’ என்று பாதிக்கப்பட்டவரை அனுப்புவது கொடுமை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். ‘நியாயந்தீர்க்காதே’ என்று அந்தக் குழந்தையின் வீட்டாரை அடக்குகிற சபை, ஏலி தன் மகன்களை விட்டுவைத்ததைத்தான் திரும்பச் செய்கிறது.

ஏற்கெனவே தவறாகப் பேசிவிட்டீர்களா? சொன்ன இடத்திலேயே திருத்துங்கள். குழுவில் போட்டதைக் குழுவிலேயே, “நான் விசாரிக்காமல் சொன்னது, அது உண்மையல்ல” என்று எழுதுங்கள். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்க வேண்டாம். பிறகு அவரை நேரில் பாருங்கள். அவர் உடனே மன்னித்தாக வேண்டும் என்று வசனம் காட்டி நெருக்காதீர்கள்.