பிலிப்பியில் பவுல் கேட்டது

அன்புள்ள ஐயா,

என் கணவர் கொத்தனார். போன வருடம் வேலை நடந்த இடத்தில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடி. இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் எங்கள் சபைக்காரர். முதல் மாத ஆஸ்பத்திரிச் செலவோடு அவர் நிறுத்திக்கொண்டார். இழப்பீடு கேட்டு மனு கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் சபைப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "விசுவாசி விசுவாசியை வழக்குக்கு இழுக்கலாமா? கிறிஸ்துவைப்போலத் தாழ்மையாய்க் கீழ்ப்படியம்மா" என்று சொல்லி, பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தை வாசித்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வருகிறது. நான் கேட்பது கீழ்ப்படியாமையா?

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

இல்லை. மனுவைக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் வாசித்த அதே நிருபத்திலிருந்தே ஏன் என்று சொல்கிறேன். "மரணபரியந்தம், அதாவது சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தவராகி, தம்மைத்தாமே தாழ்த்தினார்" என்று பவுல் எழுதியது பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு. அந்தப் பட்டணத்தில் அவருக்கு நடந்தது அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசிக்காமல் தாழ்மையைப் பற்றி அவர் எழுதியதை மட்டும் எடுத்து ஒருவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்றம். ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களைக் குடிவைத்த ஊர். ரோமர் என்பதில் அந்த ஊருக்கு அவ்வளவு பெருமை. குறிசொல்லும் ஆவி பிடித்திருந்த ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவிக்கிறார். அவளை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த எஜமான்களுக்கு வருமானம் போகிறது. அவர்கள் பவுலையும் அவரோடு ஊழியத்துக்கு வந்திருந்த சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்து வருகிறார்கள். அதிகாரிகள் விசாரணையே இல்லாமல் இருவரின் உடையைக் கிழித்து, கோலால் அடித்து, சிறைக்காவலனிடம் ஒப்படைக்கிறார்கள், அவன் உட்காவலறையில் தொழுமரத்தில் கால்களை மாட்டிவைக்கிறான். ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது ரோமச் சட்டப்படி குற்றம். இருவரும் ரோமக் குடிமக்கள்.

நடுராத்திரியில் இருவரும் பாடியதையும் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்ததையும் நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைக்காவலன் வாளை உருவித் தன்னையே வெட்டிக்கொள்ளப் போகிறான். பவுல் சத்தம் போட்டுத் தடுக்கிறார். தன் காலைத் தொழுமரத்தில் மாட்டியவனின் உயிர் அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. கஷ்டத்தின் நடுவே கீழ்ப்படிவது எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த ராத்திரியோடு நின்றுவிடுகின்றன, விடிந்ததும் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. "அவர்களை விட்டுவிடு" என்று அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். ரோமர்களாகிய எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்பாகவும் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவதா, "அவர்களே வந்து" எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். காவலனைக் காப்பாற்றியவரும் அதிகாரிகளை நேரில் வரவழைத்தவரும் ஒரே ஆள். நடுவில் ஒரு ராத்திரிகூட முழுதாய்க் கழியவில்லை.

ஏன் அப்படிக் கேட்டார் என்று வசனம் சொல்லவில்லை. என் எண்ணம் இது: பவுல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், லீதியாள் வீட்டில் கூடிய அந்தச் சின்னச் சபை அதே ஊரில்தான் இருக்கவேண்டும். இவர்களை அடித்தால் கேட்க ஆளில்லை என்று ஊர் நினைத்துவிடக்கூடாது. உங்கள் மனுவுக்குப் பின்னாலும் இனிமேல் அந்தச் சாரத்தில் ஏறப்போகிற கொத்தனார்களும் சித்தாள்களும் இருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள், வேறொரு சிறையிலிருந்து அந்தச் சபைக்குத்தான் தாழ்மையைப் பற்றி எழுதுகிறார். அந்தப் பகுதியில் தாழ்ந்தவர் யார்? தேவனுடைய ரூபமாயிருந்தவர். உயரத்தில் இருந்தவர் இறங்கி வந்தார், தாமாகவே இறங்கினார். அந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டிய முதல் வீடு உங்கள் வீடு அல்ல, அந்த ஒப்பந்தக்காரர் வீடு. படுக்கையில் கிடக்கும் மனிதனின் மனைவியிடம் வந்து தாழ்மையைப் போதித்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். சகோதரனோடு வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுல் எழுதியிருப்பது உண்மை. அதற்கு முன்பே 5ஆம் வசனத்தில், சகோதரர் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களுக்குள் இல்லையா என்று சபையைக் கேட்கிறார். 8ஆம் வசனத்தில் அநியாயம் செய்கிறவர்களையே நேராகக் கண்டிக்கிறார். பெரியவர்கள் அந்த ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தரவேண்டியதை வாங்கித் தந்திருந்தால் நீங்கள் எந்த அலுவலகப் படியும் ஏற வேண்டியிருக்காது. மறுபடி வந்தால் இதை மரியாதையாகவே சொல்லுங்கள். தேதி குறித்துப் பேசி முடித்துத் தருகிறோம் என்றால் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஆனால் அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். இழப்பீடு கேட்கக் காலக்கெடு உண்டு, அது முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், கூட வேலை செய்தவர்களில் சாட்சி சொல்லக்கூடியவர் யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்காததை மனுவில் எழுதவேண்டாம். அந்த மனிதரின் குடும்பம் கெட்டுப்போகவேண்டும் என்று ஜெபிக்கவும் வேண்டாம். இது கஷ்டம், இந்த நிலையில் உங்களிடம் சொல்லவே தயங்குகிறேன். ஆனால் கர்த்தர் உங்களிடம் கேட்கிற கீழ்ப்படிதல் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அழுகையைப் பற்றி. அதே 2ஆம் அதிகாரத்தின் கடைசியில் எப்பாப்பிரோதீத்து வருகிறார். பிலிப்பி சபை பவுலுக்குக் காணிக்கை கொடுத்து அனுப்பிய ஆள், வந்த இடத்தில் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தவர். தேவன் அவருக்கு இரங்கினார், "துக்கத்தின்மேல் துக்கம்" எனக்கு வராதபடி எனக்கும் இரங்கினார் என்று பவுல் எழுதுகிறார். சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிற நிருபத்திலேயே, அவர் செத்திருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன் என்கிற தொனியில் எழுதுகிறார். பவுலுக்கே அப்படியென்றால், மாதக்கணக்கில் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கும் நீங்கள் அழுவதில் என்ன குறை? வார்த்தை வராவிட்டால் விடுங்கள். அழுகையை ஜெபமாக ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர் அல்ல கர்த்தர்.

பிலிப்பியர் பவுலின் உபத்திரவத்தில் பணமாகவும் ஆளாகவும் பங்கெடுத்தார்கள். உங்கள் சபையில் ஒரு வீடாவது அப்படி உங்கள் பக்கம் நிற்கிறதா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. மனு கொடுக்கப் போகும்போது கூட வர யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கிற நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.