400-லிருந்து 1000-க்கு மாறலாமா? டர்பனிலிருந்து சில பதில்கள்

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த். 24 வருஷமாக பைக் ஓட்டுகிறேன். அதில் பாதிக்கு மேல் சனி ஞாயிறுகளில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். 400 சிசியிலிருந்து 1000 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து, வயது 21: அண்ணா, நிஞ்ஜா 400 வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது சலிப்பாக இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. நேராக 1000 எடுக்கலாமா?

லைசென்ஸ் இருப்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதே தம்பி. தென்னாப்பிரிக்காவில் 16 வயதில் 125 சிசி வரை, 18 ஆகிவிட்டால் அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஐரோப்பாவில் இருப்பதுபோல சக்திக்கு ஏற்றபடி படிப்படியாக லைசென்ஸ் தரும் முறை இங்கே கிடையாது. சட்டம் தடுக்காத இடத்தில் நாமே நம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார். உன் 400-க்கு 50-க்குக் கொஞ்சம் குறைவான குதிரைத்திறன், எடை 168 கிலோ. யமஹா ஆர்1-க்கு 200 குதிரைத்திறன், எடையோ சுமார் 200 கிலோதான். எடை முப்பது கிலோ போலக் கூடுகிறது, சக்தி நாலு மடங்காகிறது. அந்த வண்டி முதல் கியரிலேயே 120-ஐத் தாண்டிவிடும். அதாவது என்2 நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கிற வேகம் முதல் கியரோடு முடிந்துவிடுகிறது.

அப்புறம் அந்தச் சலிப்பு. எங்கே சலிக்கிறது? நேர் ரோட்டில் முறுக்கும்போது மட்டும் என்றால், புது வண்டியும் ஆறு மாதத்தில் சலித்துவிடும். இதைச் செய்து பார். ஞாயிறு காலை, ஆள் இல்லாத பார்க்கிங், காய்ந்த தார். சாக்பீஸால் ஒரு கோடு போடு. 60-ல் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடி. முதலில் முன் பிரேக்கை மெதுவாக அழுத்தி, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) கீழே இறங்கி டயர் தரையில் அழுந்துவதைக் கையில் உணர வேண்டும். அதற்குப் பிறகுதான் முழு அழுத்தம். சரியாகச் செய்தால் 18 மீட்டரில் நிற்கும். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் நாள் 25 மீட்டரைத் தாண்டித்தான் நிற்பார்கள், அதிலும் பாதிப் பேர் பின் பிரேக்கை மட்டும் மிதித்து. பத்துக்கு எட்டு முறை 20 மீட்டருக்குள் நீ நின்றால், பெரிய வண்டியைப் பற்றி மேலே பேசலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும். அதே அளவு பிரேக் பிடித்தாலும் 120-லிருந்து நிற்க 70 மீட்டர் வேண்டும், மூளை விழித்துக்கொள்ளும் ஒரு நொடியில் இன்னும் 33 மீட்டர் போய்விடும். 160-ல் இரண்டும் சேர்ந்து 170 மீட்டர். அந்த 170 மீட்டருக்குள் ஒரு பக்கி (பிக்கப் வண்டி) வலதுபக்கம் திரும்பினால்?

நான் 23 வயதில் 250-லிருந்து நேராக ஒரு 1000-க்குத் தாவினேன். மூன்றாவது வாரம், மழை விட்ட ஒரு காலை, ஃப்ரீவேயில் ஏறும் வளைவு. வண்டி சாய்ந்திருக்கும்போதே, 250-ல் திறக்கிற அளவுக்குத்தான் ஆக்ஸிலேட்டரைத் திறந்தேன். பின் டயர் விலகியது தெரிவதற்குள் தார் என் தோளுக்கு வந்துவிட்டது. காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போது பின் டயர் வழுக்காமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் எல்லாம் கிடையாது. இன்றைய வண்டியில் இருக்கிறது, அது நிச்சயம் பெரிய உதவி. ஆனால் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டவனை எந்தக் கருவியாலும் வெளியே இழுக்க முடியாது.

என் பதில்: இன்னும் ஒரு வருஷம் 400. பிறகு இரண்டு சிலிண்டர் 650, 700. அதற்கு மேல் அன்றைக்குப் பேசுவோம்.

ஜோஹன்னஸ்பர்க், சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்: யமஹா ஆர்3 வைத்திருக்கிறேன். என்3 நெடுஞ்சாலையில் 110-லிருந்து லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்குகிறது. 650 போதுமா, 1000 வேண்டுமா?

உங்கள் வண்டியில் குறை இல்லை, நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஆர்3-ன் 42 குதிரைத்திறன் உங்களுக்கு 35-ஆகத்தான் கிடைக்கிறது. ஒரு முறை டர்பனுக்கு ஓட்டி வாருங்கள். வான் ரீனன் கணவாய் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லையும் தாண்டி கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது, அதே வண்டி வேறு வண்டி மாதிரி இழுக்கும்.

உங்களுக்கு 650 தாராளம். நிஞ்ஜா 650 என்றால் 68 குதிரைத்திறன், யமஹா ஆர்7 என்றால் 73. இரண்டுமே இரட்டை சிலிண்டர், கீழ் சுழற்சியிலேயே இழுவை கிடைக்கும், லாரியைத் தாண்ட இரண்டு கியர் இறக்க வேண்டியதில்லை. நெரிசலில் கார்கள் ஒதுங்கி வழிவிடும் ஊர் உங்களுடையது, அதற்கும் ஒடுக்கமான இலகுவான வண்டிதான் நல்லது. வழிவிட்டவருக்கு ஒரு காலை நீட்டி நன்றி சொல்லும் வழக்கத்தை மறந்துவிடாதீர்கள்.

பீனிக்ஸ் தம்பி மறுபடியும்: அப்படியென்றால் ஆர்6? 600தானே, நடுவில் இருக்கிறதே?

சிசி நடுவில், குணம் நடுவில் இல்லை. ஆர்6-க்கு 118 குதிரைத்திறன். அதன் உச்சம் 14,000 சுழற்சிக்கு மேலேதான். கீழே தூங்கும், ஒன்பதாயிரம் தாண்டினால் திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். ரேஸுக்குச் செய்த பொருள் அது. தினமும் ரோபாட்டுக்கு ரோபாட் (இங்கே டிராஃபிக் சிக்னலை அப்படித்தான் சொல்வோம்) நின்று வேலைக்குப் போக அதை வாங்கியவர்கள் மணிக்கட்டு வலியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

லெனேசியா, மாணவர்: நம் நாட்டு ரேசர் டாரின் பைண்டர் சின்ன வண்டிகளின் மோட்டோ3-லிருந்து, நடுவில் இருக்கும் மோட்டோ2-ஐத் தாண்டி, நேராக உச்சப் பந்தயமான மோட்டோஜிபிக்குப் போனாரே?

போனார், 2022-ல். அடுத்த வருஷமே மோட்டோ2-க்கு வந்தார். அவர் அண்ணன் பிராடைப் பாருங்கள். 250 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டோ3-ல் ஐந்து முழு சீசன் ஓட்டி, 2016-ல் உலகச் சாம்பியன். பிறகு மூன்று வருஷம் மோட்டோ2. 2020-ல்தான் மோட்டோஜிபி, மூன்றாவது பந்தயத்திலேயே புர்னோவில் வெற்றி. மோட்டோஜிபி காலத்தில் தென்னாப்பிரிக்கருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. சின்ன வண்டியில் அத்தனை வருஷம் ஓட்டியது அன்றைக்குக் கைகொடுத்தது என்றுதான் நான் நம்புகிறேன். இருவருக்குமே சுற்றிலும் மணல் குழி, காற்றுப் பை வைத்த உடை, பக்கத்திலேயே மருத்துவர். நமக்கு எதிரே மினிபஸ் டாக்ஸி.

டிராக்கில் ஓட்ட ஆசை இருந்தால் உங்கள் பக்கம் டெல்மாஸில் ரெட் ஸ்டார் இருக்கிறது. இப்போது இருக்கும் வண்டியையே கொண்டுபோங்கள். 400-ஐ முழுதாகத் திறந்து ஓட்டும் ஒரு நாள், 1000-ஐப் பயந்து பயந்து ஓட்டும் ஒரு வருஷத்தைவிட அதிகம் கற்றுத் தரும்.

டோங்காட், வயது 28: அண்ணா, என் உயரம் 155 செ.மீ. ஆர்3-ல் கால் எட்டுகிறது. ஆர்7 பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆர்3-ன் சீட் 780 மில்லிமீட்டர், ஆர்7-ன் சீட் 835. ஐந்தரை செ.மீ. உங்கள் உயரத்துக்கு அது பெரிய வித்தியாசம்தான் தங்கச்சி, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பாதமும் முழுதாகப் படிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிற்கும்போது சீட்டில் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து, இடது காலை மட்டும் முழுதாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் போடாமலே சரிவான இடத்தில் பின்னால் தள்ளிப் பாருங்கள். அங்கே திணறினால் நிஞ்ஜா 650-ஐப் பாருங்கள், சீட் 790தான். சஸ்பென்ஷனை இறக்கி வண்டியைக் குட்டையாக்குவதை நான் விரும்புவதில்லை, வளைவில் சாயும் இடம் குறைந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு அம்மா: என் மகனுக்கு 19. 1000 வாங்கித் தரச் சொல்லிச் சண்டை போடுகிறான். அவன் அப்பா சம்மதித்துவிட்டார். நான் என்ன சொல்ல?

அக்கா, "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கூட்டாளியின் வண்டியை ஒளிந்து ஓட்டுவான். அது இதைவிட மோசம். "முதலில் உடுப்பு, பிறகு வண்டி" என்று சொல்லுங்கள். நல்ல ஹெல்மெட், தோள் முழங்கை முதுகில் காப்பு வைத்த ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். டர்பன் வெயிலில் டீ ஷர்ட்டோடு 1000 ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அடுத்து ஒரு பயிற்சி வகுப்பு. அதற்குப் பிறகு 400. ஒரு வருஷம் கீழே விழாமல், அபராதச் சீட்டு வாங்காமல் ஓட்டினால் அடுத்தது பேசலாம் என்று அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இருவரும் ஒரே பேச்சாக இருப்பதுதான் இதில் முக்கியம்.

அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பெட்ரோல் வரியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதி இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த நிதி அடுத்தவர் தவறால் ஏற்பட்ட உடல் காயத்துக்கு மட்டும்தான். தானே வளைவில் விழுந்தவனுக்கு அதிலிருந்து ஒரு ராண்ட்கூட வராது. வண்டிச் சேதத்துக்கும் வராது. மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இல்லாமல் அந்தப் பிள்ளையை எந்த பைக்கிலும் ஏற்றாதீர்கள்.

இசிப்பிங்கோ: பழைய 1000 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பதிவுப் பத்திரம். கோடு 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோடு 3 என்றால் அடிபட்டுத் திரும்பக் கட்டியது. மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த 3தான். ஸ்போர்ட்ஸ் பைக்கில் அதை நான் தொட மாட்டேன். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஃபிரேமில் அது முட்டி நிற்கும் சின்ன மேட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பலமாக விழுந்த வண்டியில் அந்த மேடு நசுங்கியிருக்கும், அல்லது பெயின்ட் புதிதாக இருக்கும். பிளாஸ்டிக்கை மாற்றிவிடலாம், அதை மாற்ற முடியாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ரப்பர் புதிதாகத் தெரிந்தாலும் கிழமாக இருக்கலாம். நம் ஊர்க் கடல் உப்பு செயினையும் பிரேக் காலிப்பர் போல்ட்டையும் தின்னும், அங்கேயும் துருவைப் பாருங்கள்.

செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் ஓட்டத்தில் 1000-ன் பின் டயர் ஐயாயிரம், ஆறாயிரம் கி.மீ.தான் வரும். முன்னால் இரண்டு டிஸ்க், இரண்டு ஜோடி பிரேக் பேட். வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் விலை கேளுங்கள். வயது, லைசென்ஸ் எத்தனை வருஷம், இரவில் எங்கே நிறுத்துவீர்கள், டிராக்கர் உண்டா என்று கேட்பார்கள். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு 650-க்கு மனம் மாறியவர்கள் நிறைய.

லாடியம், வயது 52: அந்தக் காலத்தில் யமஹா ஆர்டி 350 எல்சி ஓட்டியவன். பிள்ளைகள் படிப்பு முடிந்தது. இப்போது சுசுகி ஹயபூசா வாங்க ஆசை.

ஆசை நியாயம்தான் அண்ணா. அந்த எல்சி 47 குதிரைத்திறன், ஹயபூசா 190. அதுவும் 260 கிலோவுக்கு மேல். உங்கள் கைக்கு அன்றைய பிரேக் ஞாபகம் இருக்கிறது, அதே பலத்தோடு இன்றைய பிரேக்கைப் பிடித்தால் ஏபிஎஸ் துடிப்பதைக் கண்டு பதறுவீர்கள். ஒரு வருஷம் ஒரு 650 ஓட்டிக் கையைப் பழக்குங்கள். அதற்குப் பிறகு ஹயபூசா எடுத்தால் முழுதாக அனுபவிப்பீர்கள். இங்கே கேட்டவர்களில் பெரிய வண்டி எடுக்கலாம் என்று நான் மனதார நினைப்பது உங்களைத்தான், ஏனென்றால் அவசரம் இல்லாதவர்.

வெருலம்: ஆர்7 எடுத்தால் ஈஸ்டர் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாமா?

ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட் ஒரு கை அகலப் பலகை, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சேலை. முந்தானை செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே வேண்டாம். கோயிலுக்குக் காரில் போய் வாருங்கள். பைக்கை மறுநாள் காலை தனியாக எடுங்கள், ரோடு காலியாக இருக்கும்.