படம் முழுக்க வெள்ளை, மழை எங்கே?

கேள்வி: செங்கல் சூளை வைத்திருக்கிறோம். ஆவணியில் ஒரு சாயங்காலம் செல்போனில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் மேலூர் முழுக்க வெள்ளை. சுடாத பச்சைக்கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரு தூறல்கூட இல்லை. மறுநாள் அழகர்மலைப் பக்கம் சின்னப் பொட்டுதான் தெரிந்தது. அரை மணியில் கொட்டி, பாதிக் கல் கரைந்துபோனது. படத்தை நம்பலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: நம்பலாம். முதல் நாள் நீங்கள் பார்த்தது மேகத்தின் தலையை மட்டும். அகச்சிவப்புப் படம் (வெப்பத்தைப் பதிவு செய்யும் படம்) மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்றுதான் காட்டும்; குளிரக் குளிர வெள்ளை. அடியில் மழை பெய்கிறதா என்று அதற்குத் தெரியாது. இடிமேகம் 14, 15 கிலோமீட்டர் உயரம் போனதும் மேலே ஏற வழியில்லாமல் பக்கவாட்டில் விரியும். ஆனி முதல் ஆவணி வரை அந்த உயரத்தில் பலமான கிழக்கத்திக் காற்று. சிவகங்கைப் பக்கம் பெய்த மேகத்தின் தலையை அது மேலூர் மேலே இழுத்து வந்திருக்கும். கீழே வீசுவதோ மேற்கத்திக் காற்று. அதனால் தலை ஒரு பக்கம் போக, மழை வேறு பக்கம் போகும்.

படத்தில் மேகத்தின் ஓரத்தைப் பாருங்கள். இந்த மாதங்களில் கிழக்கு ஓரம் வெட்டி வைத்ததுபோல் இருக்கும், மேற்கு ஓரம் பஞ்சாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் மழை கிழக்கு ஓரத்தை ஒட்டித்தான்.

இரண்டாம் நாள் பொட்டு வளர்கிற பொட்டு. வானிலைத் துறையின் 'ரேப்பிட்' தளத்தில் மூன்று படங்களையாவது அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். உச்சியின் வெப்பநிலை கால் மணிக்கு 4 டிகிரி இறங்கினால் மேகம் வளர்கிறது. 8 டிகிரி என்றால் தார்ப்பாயை உடனே விரித்துவிடுங்கள். மைனஸ் 70-இல் அசையாமல் கிடக்கும் பெரிய மேகத்தைவிட, மைனஸ் 10-இலிருந்து சரசரவென இறங்கும் சின்ன மேகம்தான் ஆபத்து.

நேரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படத்தில் இருப்பது உலகப் பொது நேரம் (UTC). 0930 என்றிருந்தால் 5.30-ஐக் கூட்டுங்கள்: நம் நேரம் மாலை 3 மணி. அது படம் எடுக்கத் தொடங்கிய நேரம். எடுத்து முடிக்கவே 26 நிமிடம் ஆகும். உங்கள் கைக்கு வரும்போது அரை மணிப் பழசு. அரை மணி இடைவெளிப் படங்களில் மேகம் 10 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 20. படத்தில் அது 20 கிலோமீட்டர் தள்ளி நின்றால் உங்களுக்கு ஒரு மணி நேரம் இல்லை, அரை மணிதான். மழைக்கு முன்னால் வரும் குளிர்காற்று அதற்கும் முன்பே தார்ப்பாயைத் தூக்கும். நான்கு மூலையிலும் கல் வையுங்கள்.

கேள்வி: மழை வருவதை அறிய காரைக்கால் வானிலை ரேடார் மட்டும் போதாதா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: காரைக்கால் நமக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். பூமி வளைந்திருப்பதால், அதன் அலை மதுரைக்கு வரும்போது தரையிலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். தாழ்ந்த மேகம் தரும் மழை அதில் தப்பிவிடும். பகல் 2 மணியிலிருந்து செயற்கைக்கோள் படத்தில் வளரும் பொட்டைத் தேடுங்கள்; கிடைத்தபின் ரேடாரில் பின்தொடருங்கள். இருட்டியபின் சாதாரண ஒளிப்படம் கறுப்பாகத்தான் இருக்கும், அகச்சிவப்புப் படத்தை மட்டும் பாருங்கள்.