இருட்டறையில் கற்றது வீணா?

கேள்வி: உதகை இந்துநகர்ப் பொதுத்துறை ஆலையில் பிலிம் தயாரான காலத்தில், ஒரு ஸ்டூடியோ இருட்டறையில் வேலை கற்றேன். டெவலப்பர் கலக்கும் முறையும், ஹைப்போவில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதும் இன்றும் மறக்கவில்லை. பேரன் கேட்டுச் சிரிக்கிறான். இனி இதனால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: அன்புள்ள ஐயா, பிழைப்புக்கு அது இனி உதவாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தாங்கள் சுமந்திருப்பது வெறும் நிமிடக் கணக்கு அன்று. ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கரிய வெள்ளியாக மாற்றுகிறது. ஒளிபடாததை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறையச் செயலிழந்துவிடும் என்பதால், உதகையின் மார்கழிக் குளிரில் கரைசலை 20 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளும் பழக்கம் சமவெளிக்காரர்களைவிடத் தங்களுக்கே நன்றாகப் படிந்திருக்கும். கருப்பு வெள்ளை அச்சுத்தாளுக்குச் சிவப்பு விளக்கு போதும் என்பதும், பான்குரோமேட்டிக் பிலிமுக்கு முழு இருட்டு வேண்டும் என்பதும் ஒளியின் இயல்பைப் பற்றிய பாடங்களே. முதலாவது, சிவப்பொளி அந்தத் தாளைப் பாதிப்பதில்லை என்பதால்; இரண்டாவது, அந்தப் பிலிம் எல்லா நிறங்களையும் உணரும் என்பதால்.

பேரனிடம் கேமரா இருந்தால் ஒன்றை மட்டும் செய்து காட்டுங்கள். நல்ல வெயிலில் லென்ஸ் துளையை f/16-லும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-லும், ஷட்டரை 1/125 விநாடியிலும் வைத்து, ஒளியளவு காட்டும் மீட்டரைப் பார்க்காமலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிலிம் காலத்து இவ்விதி டிஜிட்டல் கேமராவுக்கும் அப்படியே பொருந்தும். கலவை அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் நல்லது. கருப்பு வெள்ளை பிலிமை விரும்பிக் கழுவும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.