இலகு ரயில் வேலை நடக்கும் தெருவில் நடந்து போகிறவர்கள்: கேள்வி பதில்

அவுஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோர்ஜ் வீதியில் இலகு ரயில் (தெருவிலேயே தண்டவாளத்தில் ஓடும் மின்சார ரயில்) பாதை போட்டபோது பாதசாரிகளுக்கு மாற்றுவழி அமைக்கும் வேலையில் இருந்தேன். திருகோணமலையில் இருந்து நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அண்ணை, எங்கட பக்கம் கான் (வடிகால்) வெட்டினால் "பாதை மூடப்பட்டுள்ளது" பலகை குழிக்குப் பக்கத்திலேயே நிற்குது. அங்கேயும் இப்படித்தானா?

அப்படி வைக்கக் கூடாது தம்பி. குழிவரை வந்தவர் திரும்பி நடக்க மாட்டார், ஓட்டோவுக்கும் பஸ்சுக்கும் நடுவே இறங்கித்தான் போவார். முந்தின சந்தியிலேயே, மறுபக்கம் கடக்க வழி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வெறும் "மாற்றுவழி" என்று எழுதினால் யாரும் நம்பிப் போவதில்லை; கோணேசர் கோயில், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று சனம் தேடும் இடத்தின் பெயரைப் போட்டு அம்புக்குறி காட்டுங்கள், மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தில்.

அப்பாவுக்குப் பார்வை இல்லை, வெள்ளைப் பிரம்போடு நடக்கிறவர். மஞ்சள் நாடா கட்டினால் போதுமா?

போதவே போதாது தங்கச்சி. பிரம்பு நிலத்தைத் தட்டித்தான் வழி அறியும், அது நாடாவுக்குக் கீழால் போய்விடும். நாடா அவர் வயிற்றில் படும் நேரத்தில் கால் குழி விளிம்பில் நிற்கும். பிரித்தானிய விதியில் தடுப்பின் அடியில் பிரம்பு முட்டும் தட்டுப்பலகை ஒன்று கட்டாயம், அந்தப் பலகையின் உயரம் குறைந்தது 150 மில்லிமீற்றர், அதன் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 200 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. நடக்கும் வழியும் குறைந்தது 1 மீற்றர் அகலம் வேண்டும், இயன்றால் 1.5. தடுப்பின் கால்கள் அந்த வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஆளை விழுத்தும், இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

வழியை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

தண்டவாளம் கடைசியில்தான் வரும். முதலில் நிலத்தடிக் குழாய், கேபிள் எல்லாம் நகர வேண்டும், அப்புறம் கொங்கிறீற். வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஒன்று அகப்பட்டால் அந்தத் துண்டில் வேலை நிற்கும், வேலியும் நகரும். 2015 கடைசியில் தொடங்கிய ஜோர்ஜ் வீதி 2019 டிசம்பரில்தான் ரயிலைக் கண்டது. வேலி நகர்ந்த அன்றே பழைய அம்புக்குறியைக் கழற்ற வேண்டும், அதை விட்டுவைத்தால் சனத்தை முட்டுச்சந்துக்கு அனுப்பும்.

கொழும்புக்கு வரவிருந்த மாலபே இலகு ரயில் திட்டமே 2020இல் கைவிடப்பட்டது. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

கானோ, குடிநீர்க் குழாயோ, எதற்கு வெட்டினாலும் நடப்பவருக்கு ஆபத்து ஒன்றுதான். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், உள் வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையிடம். எது யாருடையது என்று கேட்டு, இடத்தைப் படம் எடுத்து அவர்களிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். இரவிலும் ஒரு படம் எடுங்கள், விளக்கு இல்லாத தடுப்பு அதில்தான் தெரியும்.