பதிவு எண் 191 ஆனது ஏன்? – கணினி கேள்வி பதில்

பதுளை மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவர்: இறுதியாண்டுச் செயற்றிட்டமாகத் தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு ஒரு நிரல் எழுதுகிறேன். சி மொழி, ராஸ்பெரி பை, 64 பிட் லினக்ஸ். டிஜிட்டல் தராசிலிருந்து எடையை வாங்கி, பெயரும் பதிவு எண்ணும் போட்டுச் சீட்டு அச்சடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் கொடுத்துச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. தமிழ்ப் பெயர்ப்பட்டியலைப் போட்டதும் விஜயலட்சுமியின் பதிவு எண் 191 ஆகிறது, இராமலிங்கத்துக்கு 141. முத்துலெட்சுமி வந்த பிறகு நிரல் திடீரென்று நின்றுவிடுகிறது. காரணம் தேட நடுவில் திரையில் எழுதிக்காட்டும் ஒரு பிரின்ட்எஃப் வரி சேர்த்தால் நிற்காமல் ஓடுகிறது. ஒரு பதிவில் பெயருக்கு 32 பைட், அடுத்து எண்ணுக்கு 4, எடைக்கு 4. மலொக்கில் நினைவகத்தில் இடம் எடுத்து முதலில் எண்ணை இடுகிறேன், பிறகு ஸ்டர்கொப்பியால் பெயரைப் படியெடுக்கிறேன், கடைசியில் எடை.

தம்பி, அந்த 191ஐயும் 141ஐயும் அப்படியே எழுதி அனுப்பியது பெரிய உதவி. "ஏதோ தப்பான எண் வருகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் ஊகித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் அ, க போன்ற எழுத்துக்கும் 3 பைட், அதோடு சேரும் கொம்புக்கும் விசிறிக்கும் புள்ளிக்கும் தனியாக இன்னொரு 3 பைட். விஜயலட்சுமி என்பதில் இப்படி 11 குறிகள், ஆக 33 பைட். சரத்தின் முடிவைக் காட்டும் பூச்சியத்தோடு 34. நீங்கள் கொடுத்த இடம் 32. மிஞ்சிய இரண்டு பைட்டும் அடுத்திருக்கும் பதிவு எண்ணின் மேல் போய் விழுகின்றன. அதில் முதலாவது, 'மி'யின் மேல் இருக்கும் விசிறியின் கடைசி பைட். அதன் மதிப்பு 191. இரண்டாவது பூச்சியம். எண்ணின் தாழ்ந்த இரண்டு பைட்டுகள் இப்படி மாறினால், 65,535க்குள் எந்தப் பதிவு எண் இருந்தாலும் அது 191தான். இராமலிங்கம் என்பதும் 33 பைட். ஆனால் அது புள்ளியில் முடிகிறது, புள்ளியின் கடைசி பைட் 141. எடையைப் பிறகு எழுதுவதால் எடை தப்பிக்கிறது, எண் மாறிப்போகிறது.

முத்துலெட்சுமி இன்னும் நீளம். 14 குறிகள், 42 பைட், பூச்சியத்தோடு 43. உங்கள் முழுப் பதிவே 40 பைட்தான். எண்ணையும் எடையையும் தாண்டி 3 பைட் வெளியே போகிறது. அந்த இடத்தில் அடுத்த துண்டு நினைவகம் எவ்வளவு பெரியது என்று மலொக் தனக்காகக் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு கெட்ட உடனே எதுவும் நடக்காது. வேறு யாருடைய பதிவுக்கோ இடம் கேட்கும்போது, அல்லது எதையோ விடுவிக்கும்போதுதான் நிரல் விழும். அதனால்தான் விழுந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. பிரின்ட்எஃப் மருந்து மாதிரி வேலை செய்ததற்கும் இதுதான் காரணம். முதல் பிரின்ட்எஃப் தன் வேலைக்கு நினைவகத்தில் ஒரு துண்டு எடுக்கிறது, அதனால் பிறகு எடுக்கும் துண்டுகளின் இடம் மாறிவிடுகிறது. பிழை அங்கேயே இருக்கிறது, கேடு வேறு இடத்தில் விழுகிறது. தயவுசெய்து அந்த வரியை விட்டுவைத்து "சரியாகிவிட்டது" என்று ஒப்படைத்துவிடாதீர்கள்.

இனி, இதைக் கையால் எண்ணாமல் எப்படிப் பிடிப்பது? கூகுளில் உருவாகி 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ்சானிடைசர் உங்கள் ஜி.சி.சி. கம்பைலரிலேயே இருக்கிறது. கம்பைல் செய்யும் கட்டளையில் 'ஃப்சானிடைஸ் சமம் அட்ரஸ்' என்ற தெரிவையும், வரி எண் தெரிவதற்காக 'ஜி' தெரிவையும் சேருங்கள். அப்புறம் நிரலை வழக்கம்போல் ஓட்டுங்கள். இது ஒவ்வொரு துண்டு நினைவகத்துக்கும் இரு பக்கமும் யாரும் தொடக்கூடாத வெற்றிடம் விடுகிறது, இரண்டு மரக்கறிப் பாத்திகளுக்கு நடுவே விடும் வரம்பு போல. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் குறிப்பு வைத்துக்கொண்டு, வரம்பில் கால்வைத்த அந்த நொடியிலேயே நிரலை நிறுத்திவிடும். வேகம் ஏறக்குறைய பாதியாகும், சீட்டு அச்சடிக்கிற நிரலுக்கு அது ஒன்றுமே இல்லை.

முத்துலெட்சுமி வந்ததும் அறிக்கை இப்படிச் சொல்லும்: 43 பைட் எழுதப் பார்த்தாய், 40 பைட் துண்டு முடிந்த இடத்திலேயே வெளியே போய்விட்டாய். கீழே இரண்டு அடுக்கு வரிகள் இருக்கும். ஒன்று எழுதிய இடம், மற்றது அந்தத் துண்டை மலொக் செய்த இடம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் முதல் வரியைப் பார்த்ததும் திருத்த ஓடுவார்கள். நான் விடமாட்டேன். இந்த 40ஐக் கேட்டது யார், 43ஐக் கொண்டுவந்தது யார் என்று சொன்ன பிறகுதான் விசைப்பலகையைத் தொட வேண்டும்.

ஆனால் இங்கே கவனம். விஜயலட்சுமியின் பெயரைக் கொடுத்தால் அட்ரஸ்சானிடைசர் வாயே திறக்காது. 34 பைட்டும் அந்த 40க்குள்தானே விழுகின்றன? ஒரே பதிவுக்குள் ஒரு புலத்திலிருந்து அடுத்த புலத்துக்கு வழிவது அதற்குத் தெரியாது. நினைவகப் பிழை தேடும் இன்னொரு கருவியான வால்கிரிண்டுக்கும் தெரியாது. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. சானிடைசர் இல்லாமல், ஓ2 தெரிவோடும் 'ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்' அளவு 2 என்ற வரையறையோடும் தனியாக ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். பெயர்ப் புலம் 32 என்பது கம்பைலருக்குத் தெரியும் என்பதால், ஸ்டர்கொப்பி அதைத் தாண்டியதும் நிரல் நின்றுவிடும். கருவி ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காகப் பிழை இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் நிரலில் அதிகம் கெடுத்தது அந்தச் சத்தமில்லாத பிழைதான்.

திருத்தம்: 32ஐ 64 ஆக்கினால் இன்னும் நீளமான பெயர் வரும்வரைதான் தாங்கும். 32இலேயே வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டு, சீட்டில் கேள்விக்குறியோ கட்டமோ வரும். ஸ்டர்டப் மூலம் பெயரின் உண்மையான நீளத்துக்கு இடம் எடுத்து, பதிவை விடுவிக்கும்போது பெயரையும் விடுவியுங்கள். சோதிக்கத் தராசு பக்கத்தில் வேண்டியதில்லை. பெயரும் எடையும் கொண்ட ஒரு கோப்பைத் தயாரித்து நிரலுக்கு ஊட்டுங்கள், அதில் தோட்டத்தின் மிக நீளமான பெயர்கள் இருக்கட்டும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் அம்மா கொழுந்து பறித்தவர். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற வழக்கம் தெரிந்த வீட்டில் வளர்ந்தேன். ஒருவருடைய நிறுவை இன்னொருவரின் எண்ணில் ஏறினால், அங்கே குறைவது அந்த அம்மாவின் சம்பளம். அதைப் பிறகு கணக்கப்பிள்ளையிடம் போய் நிரூபிக்க அவரால் முடியாது.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி: வால்கிரிண்ட் ஓட்டினால் கடைசியில் நாலைந்து விதமான 'இழப்பு' காட்டுகிறது. எல்லாவற்றையும் பூச்சியமாக்க வேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. 'டெஃபினிட்லி லொஸ்ட்' என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த நினைவகத்தைச் சுட்டும் சுட்டி எதுவுமே இப்போது இல்லை, இனி யாராலும் விடுவிக்க முடியாது என்று அர்த்தம். 'இன்டைரக்ட்லி' என்பது பெரும்பாலும் அதைச் சரிசெய்தாலே போய்விடும். 'ஸ்டில் ரீச்சபிள்' என்றால் நிரல் முடியும்போதும் சுட்டி கையில் இருக்கிறது, விடுவிக்கவில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து முடிவுவரை வைத்திருக்கும் பட்டியலென்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓட ஓட அந்த எண் பெருகினால் மட்டும் தேடுங்கள், அதற்கு வால்கிரிண்டோடு வரும் மாசிஃப் என்ற கருவி உதவும்.

ஒன்று மட்டும்: நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். முடங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அட்ரஸ்சானிடைசரோடு கம்பைல் செய்த நிரலை வால்கிரிண்டில் ஓட்டவும் கூடாது, இரண்டும் ஒத்துப்போகா.

நுவரெலியாவிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து சில மாதமான ஒருவர்: எங்கள் நிரலில், தொடக்க மதிப்பு இல்லாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக வால்கிரிண்ட் எச்சரிக்கிறது. மூத்தவர் ஒருவர் அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறார், எச்சரிக்கையும் போய்விடுகிறது. எடுத்துவிடலாமா?

அந்த வரி என்ன செய்கிறது என்று இருவருமாக உட்கார்ந்து வாசித்துவிட்டீர்களா? இல்லையென்றால் தொடாதீர்கள்.

இதே எச்சரிக்கையால் உலகம் முழுக்க ஒரு பெரிய கேடு நடந்திருக்கிறது. 2006இல் டெபியன் லினக்ஸில், தகவலை மறையாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பற்றி வால்கிரிண்ட் இப்படித்தான் முறையிட்டது. முறைப்பாட்டை நிறுத்த இரண்டு இடங்களில் ஒரு வரியை நீக்கினார்கள். அவற்றில் ஒன்று, இரகசியச் சாவி உருவாக்கத் தேவையான எழுந்தமான தரவைச் சேர்க்கும் வரி. அது போனதும் சாவிகளின் வேறுபாட்டுக்கு மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் செயல்முறை எண் ஒன்றுதான், அதற்கு 32,768க்குள் மட்டுமே மதிப்புகள். அப்படி உருவான சாவிகளை ஒரு சாதாரணக் கணினியால் வரிசையாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். விஷயம் வெளியானது 2008 மே மாதத்தில். அதுவரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கிய சாவிகளை எல்லாரும் தூக்கி எறிந்து புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று.

வால்கிரிண்ட் அங்கே பொய் சொல்லவில்லை. அதன் சொல்லுக்கு என்ன செய்வது என்பதில்தான் பிசகு. உங்கள் நிரலை 'ட்ராக் ஒரிஜின்ஸ்' தெரிவோடு மறுபடி ஓட்டுங்கள், மதிப்பு இல்லாத அந்த நினைவகம் எங்கே பிறந்தது என்று காட்டும். பெரும்பாலும் அங்கேதான் திருத்தம் வேண்டியிருக்கும். எச்சரிக்கை தீங்கற்றது என்று உறுதியானால், வரியை வெட்டாமல் வால்கிரிண்டின் விலக்குக் கோப்பில் எழுதுங்கள், ஏன் என்று ஒரு குறிப்போடு. மூத்தவரிடம் எடுத்துச் சொல்ல இந்தச் சம்பவத்தைக் காட்டலாம், கோபிக்கமாட்டார்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவி: நான் பைதன்தான் படிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் வேண்டுமா?

32 பைட்டைத் தாண்டி எழுதும் பிழை உங்களுக்கு வராது, பைதன் அதைப் பார்த்துக்கொள்ளும். நினைவகம் பெருகுவது மட்டும் வரும். ஏதோ ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், எடுக்க மறந்திருப்பீர்கள். சுட்டி இருப்பதால் பைதன் அதைக் குப்பை என்று நினைக்காது. பைதன் 3.4 முதல் ட்ரேஸ்மலொக் என்ற தொகுதி உள்ளேயே வருகிறது, டேட்டா செலவழித்து எதையும் இறக்க வேண்டாம். நிரல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்னாப்ஷொட், நெடுநேரம் ஓடிய பிறகு இன்னொன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த வரியில் எடுத்த நினைவகம் அதிகம் பெருகியிருக்கிறதோ அதுவே மேலே வரும்.