லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் நான்கு ஊர்: எதை விட்டால் நல்லது?

தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நவம்பர் நடுவில் அப்பா அம்மாவோடு ஐந்து நாள் போர்ச்சுகலின் லிஸ்பன் போகிறார். பாத்திமா அன்னை திருத்தலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை, ஆனால் 68 வயது, முழங்கால் வலி. இணையத்தில் தேடினால் ‘பாத்திமா, பத்தால்யா, நசரே, ஒபிடோஸ், ஒரே நாளில்’ என்று ஒரே மாதிரி வேன் டூர்கள்தான் வருகின்றன, அதில் போகலாமா, தனி கார் எடுக்கலாமா என்கிறார்.

முதலில் ஊர்களை எண்ணாதீர்கள், நிமிடங்களை எண்ணுங்கள். டூர் ஒன்பது மணி நேரம் என்று வையுங்கள். இந்தச் சுற்றில் சாலையிலேயே நான்கு மணி நேரம் ஓடிவிடும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மிச்சம் நான்கு மணி நேரத்தை நான்கு ஊருக்குப் பங்கு போட்டால் ஊருக்கு ஒரு மணி நேரம், அதிலும் வண்டியை நிறுத்துவது, கழிப்பறை, எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருப்பது எல்லாம் போக உங்கள் அம்மாவின் நடைக்கு முப்பது நிமிடம் நிஜமாகக் கிடைத்தாலே பெரிது. இவ்வளவு வருடம் ஆசைப்பட்ட இடத்தில் முப்பது நிமிடம் போதாது.

அதனால் என் யோசனை, மூன்றே இடம்: பாத்திமா, பத்தால்யாவைப் போலவே பழைய மடாலயம் உள்ள அல்கோபாசா, கடற்கரை ஊரான நசரே. மூன்று பேர் இருக்கிறீர்கள், வேனில் மூன்று இருக்கைக்கு ஆகும் பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுநரோடு தனி கார் எவ்வளவு என்று கேளுங்கள், வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் யோசிக்காமல் காரை எடுங்கள்.

காலை எட்டுக்குக் கிளம்பினால் ஒன்பதரை போலப் பாத்திமா. 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று குழந்தைகளுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் இடத்தில்தான் அந்தச் சின்னச் சிற்றாலயம் இருக்கிறது. மூவரின் கல்லறைகளும் பழைய பசிலிக்காவுக்குள். திருப்பலி நேரத்தை முன்கூட்டியே பார்த்து அதற்கேற்பக் கிளம்புங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வேளாங்கண்ணியில் மாதா குளம் வரை மணலில் முழந்தாளிட்டுப் போவதுபோல இங்கேயும் வழவழப்பான கல்பாதை ஒன்றில் மண்டியிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கும் போகத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், முழங்கால் அப்புறம் மீதி நாட்களைக் கெடுத்துவிடும். மெழுகுவர்த்தி ஏற்றுவதே போதும்.

மடாலயத்துக்குப் பத்தால்யாவை விட்டு அல்கோபாசா சொல்வது ஏன்? பத்தால்யா அழகில் குறைந்ததில்லை. 1385 அல்ஜுபரோட்டா போர் வெற்றிக்கு நன்றியாக எழுப்பியது, கல்லில் சரிகை பின்னியதுபோல் இருக்கும், கட்டி முடிக்காத சிற்றாலயங்கள் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும். சிற்பம் பிடித்தவர்கள் அங்கேயே போகட்டும். ஆனால் பெற்றோரோடு போகிறவர்களுக்குக் கதை வேண்டும், அந்தக் கதை அல்கோபாசாவில் இருக்கிறது. இளவரசன் பெட்ரோ தன் மனைவியின் தோழியான இனெஸ் மேல் காதல் கொண்டான். மனைவி இறந்த பிறகும் அவன் இனெஸை விடவில்லை, தந்தை அரசர் நான்காம் அஃபோன்சோ 1355-ல் அவளைக் கொல்லவைத்தார். இரண்டு வருடத்தில் பெட்ரோ அரியணை ஏறினான், கொன்றவர்களில் இருவரைப் பிடித்துப் பழிதீர்த்தான், அவளுக்கும் தனக்கும் பளிங்கு போன்ற வெள்ளைக் கல்லில் கல்லறை செய்வித்தான். இரண்டும் பாதத்துக்குப் பாதம் எதிரெதிரே இருக்கின்றன. உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் முதலில் பார்க்க வேண்டுமாம். அருகில் நின்று பாருங்கள், பேச்சே வராது. கல்லறைகள் கோயிலுக்குள்ளேயே இருப்பதால், உள் முற்றங்களுக்கு டிக்கெட் எடுக்காவிட்டாலும் பார்த்துவிடலாம், தரையும் சமதளம்.

அங்கிருந்து நசரே 14 கிலோமீட்டர்தான். கீழே கடற்கரையில், வெயில் இருந்தால், பெண்கள் மீனைப் பிளந்து சட்டங்களில் காயவைத்திருப்பார்கள். கருவாடு! தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம். மேட்டில் இருக்கும் சீத்தியோ பகுதிக்குக் காரிலேயே ஏறிவிடுங்கள், கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் சாலை சரிவு, அப்பா வேண்டுமானால் போய்வரட்டும். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில்வரை வருவதால்தான் நசரேவின் பெயர்பெற்ற ராட்சத அலைகள். 2020-ல் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கிச் சாதனை செய்தது இங்கேதான். அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம், ஆனால் தினமும் வராது, அதை நம்பி நாளைக் குறிக்காதீர்கள்.

ஒபிடோஸ் மதில் சூழ்ந்த அருமையான ஊர், ஆனால் கரடுமுரடான கல் தெரு, மழையில் வழுக்கும், மதில்மேல் நடைபாதைக்குக் கைப்பிடி கிடையாது. நீங்களும் அப்பாவும் மட்டும் வேறொரு காலை லிஸ்பனில் காம்போ கிராந்தேயிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம்? கைடு உள்ளே வருவாரா, அல்லது ஓட்டுநரே கைடாக இருந்து கதையை வண்டியில் சொல்லி வாசலில் இறக்கிவிடுவாரா (பல இடங்களில் இப்படித்தான்)? நுழைவுக் கட்டணம் சேர்த்தா?

நவம்பரில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நாலரைக்குச் சீத்தியோவின் விளிம்புச் சுவர் பக்கம் அம்மாவை உட்காரவைத்துவிட்டால் கடலில் சூரியன் இறங்குவதை நிதானமாகப் பார்த்துவிட்டே லிஸ்பன் திரும்பலாம்.